ஏழுமலையின் நூற்றெழுபத்தொன்று

போன மாதம் செங்கல்பட்டில் நடந்த மாவட்ட பில்லியர்ட்ஸ் போட்டியில் மேசைக்கு மேலே ஒரு கேமராவைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதோடு ஒரு கம்ப்யூட்டர். பந்து குழியில் விழுந்தால் அதுவே எண்ணும். தப்பு நடந்தால் அதுவே சிவப்பு விளக்குப் போடும். நடுவராக நின்ற பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற நடுவர் என்ற மரியாதைக்கு எனக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலியும் ஒரு டீயும் கொடுத்தார்கள். டீ ஆறிப்போயிருந்தது.

அரையிறுதியில் ஊரப்பாக்கம் பயிற்சி மையத்துப் பெண் ஒருத்தி ஆடினாள். நல்ல கை. பதினாலு பந்தை வரிசையாகப் போட்டுவிட்டு, மிச்சமிருந்த ஒற்றைப் பந்தை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கடைக்காரர் முதல் போணிப் பணத்தை ஒற்றிக்கொள்வாரே, அதே மாதிரி. உடனே சிவப்பு விளக்கு எரிந்தது. ஃபவுல்.

"கும்புட்டேன் சார், அடிக்கவே இல்ல" என்று அழாத குறையாகச் சொன்னாள். நடுவர்கள் மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள். "மேடம், ஒங்க காலத்துல இதுக்கு இன்னா ரூலு?"

நான் அந்தப் பெண்ணைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ரூல் தெரியாமல் இல்லை. அந்தப் பெண்ணுக்கு அந்தப் பழக்கம் யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்ததால்தான். "எழுதித் தரேன்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மாவட்ட பில்லியர்ட்ஸ் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று வெகுநாளாக நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன், எழுதுகிறேன். உட்கார்ந்து இரண்டு நாளாகிறது, எந்த முனையைப் பிடிப்பது என்றே விளங்கவில்லை.

என் பெயர் ஞானமேரி. ஊர் புதுப்பட்டினம். அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு வளர்ந்த குடும்பம். அப்பா பக்கத்திலிருந்த அணுமின் நிலையத்தின் பணியாளர் குடியிருப்பில் தோட்ட வேலைக்குச் சேர்ந்து, பணியில் இருக்கும்போதே போய்விட்டார். அவருடைய வேலை எனக்குக் கிடைத்தது. தோட்டத்துக்குப் பெண் எதற்கு என்று குடியிருப்பின் மனமகிழ் மன்றத்தில் போட்டார்கள். அங்கே பில்லியர்ட்ஸ் அறையைப் பெருக்கித் துடைக்க ஆள் இல்லை. பெருக்கினேன், மேசைத் துணியைத் தூரிகையால் நீவினேன், பந்து துடைத்தேன். ஒருநாள் மார்க்கர் வரவில்லை என்று எண்ணிக்கை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். அப்புறம் முப்பத்தோரு வருடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்க்கர் என்றால் மேசையருகே நின்று புள்ளி சொல்கிற ஆள். பிறகு பரீட்சை எழுதி நடுவரானேன். பரீட்சை எழுத வைத்தவர் வேதாசலம் சார். நிலையத்தில் அளவுக் கருவிகள் பிரிவில் பொறியாளர், எங்கள் சங்கத்துக்குத் தொழில்நுட்பச் செயலாளர்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அறைக்குள் செருப்புப் போட்டு வரமாட்டார். பேனா தொடமாட்டார், எல்லாம் பென்சில்தான். ஒரு விஷயத்தை விசாரித்தால் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்பார். முதல் தடவை பதில் சொன்னதும் பையிலிருந்து துருவியை எடுத்துப் பென்சிலைச் சீவ ஆரம்பிப்பார். அவசரமே இல்லாமல், ஒரே சுருளாக வரும் வரை சீவுவார். அதற்குள் எதிரே நிற்பவனுக்கு வியர்த்துவிடும். பிறகு முன்பு கேட்ட அதே வார்த்தைகளில் மறுபடி கேட்பார். பாதிப் பேர் இரண்டாவது தடவை பதிலை மாற்றிவிடுவார்கள். மாற்றாதவர் சொன்னதைத்தான் எழுதுவார். எங்களுக்குள் அவருக்குத் 'துருவி' என்றே பெயர்.

சங்கத்தில் ஸ்ட்ரெயிட் பூல் ஆட்டத்துச் சாதனை அவர் பெயரில்தான் இருந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேசையில் பதினைந்து பந்து. எந்தப் பந்தை எந்தக் குழியில் போடப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போட வேண்டும். ஒன்றுக்கு ஒரு புள்ளி. பதினாலு போனதும் கடைசிப் பந்தை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அந்தப் பதினாலையும் முக்கோணச் சட்டத்தில் மறுபடி அடுக்கித் தருவோம். ஆட்டக்காரர் நிற்காமல் தொடர்வார். தவறுகிற வரை எண்ணிக்கை ஏறும். இடையில் அவர் கையோ சட்டையோ எந்தப் பந்தில் பட்டாலும் ஃபவுல், அதோடு சரி. பந்து நகர்ந்ததா இல்லையா என்பது பேச்சே இல்லை. வேதாசலம் சாரின் எண்ணிக்கை நூற்று முப்பத்தெட்டு. அன்றைக்கு மார்க்கர் நான்தான். மன்றத்துச் சுவரில் பித்தளைத் தகட்டில் அவர் பெயரும் எண்ணும் இருந்தன.

அப்படியிருக்க, ஒருநாள் சங்கத்துக்கு ஒரு வீடியோ வந்தது. அனுப்பியவன் ஏழுமலை. கடப்பாக்கத்துக்காரன், முப்பத்துநாலு வயது, இரண்டு பெண் குழந்தைகள். மாமல்லபுரம் பக்கம் கடற்கரை விடுதி ஒன்றில் துணி துவைக்கும் பிரிவில் வேலை. விடுதியின் விளையாட்டு அறையில் ஒரு மேசை இருந்தது. விருந்தினர் சாப்பிட்டுத் தூங்குகிற மத்தியான நேரத்தில் ஆடி ஆடிக் கற்றுக்கொண்டவன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வீடியோவில் அவன் தவறாமல் போட்டது நூற்றெழுபத்தொரு பந்து.

அந்த எண் அவனுக்கு வெறும் பெருமை இல்லை. துவைக்கிற வேலையை வெளி ஆளிடம் ஒப்பந்தத்துக்கு விடப் போவதாக விடுதியில் சொல்லிவிட்டார்கள். மாதக் கடைசியோடு அவனுக்கும் அங்கேயே வேலை செய்த அவன் மனைவி செல்விக்கும் கணக்குத் தீர்ந்துவிடும். ஊரப்பாக்கத்தில் புதிதாகப் பயிற்சி மையம் ஆரம்பித்தவர், "சங்கத்து சர்டிபிகேட்ட கொண்டா, கோச்சு வேலை ஒனக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். அதே வேலைக்குக் கண் வைத்திருந்த செங்கல்பட்டு ஆட்டக்காரர் ஒருவர் சங்கத்துக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதிவிட்டார். குழி அகலம், வீடியோ வெட்டி ஒட்டியது, எண்ணிக்கையும் தப்பு என்று மூன்று குற்றச்சாட்டு.

வேதாசலம் சார் கடிதத்தையும் வீடியோவையும் என்னிடம் தள்ளினார். "என் எண்ணை உடைக்கிற விஷயம். நான் பார்க்கக்கூடாது, பேசக்கூடாது. நீ பார்த்து எழுது. புகாரில் உள்ளதை மட்டும் பார்க்காதே. கண்ணில் பட்டதெல்லாம் எழுது" என்றார்.

மூன்று நாள் பார்த்தேன். போனை ஒரு படுக்கை விரிப்புக் கிழிசலால் ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தான். முதல் நாள் எண்ணிக்கை. சமையலறையில் வேலை செய்யும் பாஸ்கர் என்பவன் அடுக்கித் தருகிறான். பன்னிரண்டு முறை அடுக்கினான். பன்னிரண்டு பதினாலு நூற்றறுபத்தெட்டு, மேலே மூன்று. சரி. இரண்டாம் நாள் வெட்டு இருக்கிறதா என்று பார்த்தேன். வெளியே கொடியில் காயும் விரிப்புகளின் நிழல் எதிர்ச் சுவரில் விழுந்திருந்தது. ஒன்றேகால் மணி நேரமும் அந்த நிழலின் ஓரத்தில் விரல் வைத்துக்கொண்டே பார்த்தேன். எங்கேயும் தாவாமல் மெல்ல மெல்ல நகர்ந்தது. வெட்டு இல்லை. புகார் எழுதியவர் மேல் எனக்கு எரிச்சலாக வந்தது.

மூன்றாம் நாள் சும்மா ஆட்டத்தை ரசிக்கலாம் என்று போட்டேன். போடாமலே இருந்திருக்கலாம். பாஸ்கர் அடுக்கி முடித்ததும் ஏழுமலை அந்த ஒற்றைப் பந்திடம் போகிறான். குனிகிறான். கை நீள்கிறது. பிறகு விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறான். பன்னிரண்டு முறையும் இதைச் செய்திருக்கிறான். முந்தைய இரண்டு நாளும் எண்ணையும் நிழலையும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இது தெரியவே இல்லை. புகாரிலும் இது இல்லை.

விரல் பந்தைத் தொட்டதா, பந்துக்குப் பக்கத்தில் துணியைத் தொட்டதா? துணியைத் தொட்டால் ஒன்றுமில்லை. பந்தைத் தொட்டிருந்தால் முதல் தடவையே ஃபவுல், நூற்றெழுபத்தொன்று பதினாலாகிவிடும். ஐந்து தடவை அவன் முதுகுதான் தெரிகிறது. மற்ற தடவைகளில் போன் தூரத்திலிருந்து எடுத்ததால் விரல் பந்துக்கு முன்னால் இருக்கிறதா மேலே இருக்கிறதா என்று பிடிபடவில்லை. ஒருமுறை பார்த்தால் தொட்டான் என்று தோன்றும், அடுத்த முறை தொடவில்லை என்று சத்தியம் செய்யலாம் போலிருக்கும்.

சாரிடம் போய்ச் சொன்னேன். பேசக்கூடாது என்று சொன்னவர், கேட்டதும் நிமிர்ந்தார்.

"பந்து நகர்ந்துச்சா?"

"இல்ல சார்."

"அப்ப..." என்று ஆரம்பித்தவர் வாயை மூடிக்கொண்டார். தலையை ஆட்டிக்கொண்டே பென்சிலை எடுத்துப் பெட்டியில் போட்டார். "நான் பேசக்கூடாது மேரி. நேரில் போய்ப் பார்."

அந்த 'அப்ப'வுக்கு அப்புறம் என்ன சொல்ல வந்தார்? அப்ப விட்டுவிடு என்றா, அப்ப என்ன, ஃபவுல்தான் என்றா? மாமல்லபுரம் பஸ்ஸில் போகும் வழியெல்லாம் இதையே போட்டு உழப்பிக்கொண்டிருந்தேன்.

விடுதியில் ஏழுமலை வாசலிலேயே நின்றிருந்தான். நெடுநெடுவென்று உயரம், கையெல்லாம் சோப்பில் ஊறி வெளுத்திருந்தது. "நாஸ்தா ஆச்சா மேடம்? பாஸ்கர இட்லி எட்தாரச் சொல்றேன்" என்று பறந்தான். முதலில் மேசை. ரசமட்டத்தை நாலு மூலையிலும் நடுவிலும் வைத்தேன், குமிழி அசையாமல் நின்றது. ஆறு குழி வாயையும் அளந்தேன். இரண்டு பந்தை ஒட்டி வைத்து, மிச்ச இடத்தில் சுண்டுவிரல் நுழைகிறதா என்றும் பார்த்தேன். நுழையவில்லை. புகார் மூன்றும் பொய்.

பிறகு, அவன் வாயில் பதிலைத் திணித்துவிடக் கூடாது என்று எதையும் சொல்லாமல், "எப்பவும் இன்னா மாதிரி ஆடுவியோ அப்டியே ஒரு ஆட்டம் ஆடு" என்றேன். ஆடினான். முப்பத்தோரு வருடத்தில் அவ்வளவு மென்மையான கையை நான் பார்த்ததில்லை. பதினாலு பந்தும் போயிற்று. பாஸ்கர் அடுக்கினான். நான் நகர்ந்து ஒற்றைப் பந்துக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன். இங்கிருந்து பார்த்தால் மயிரிழை கூடத் தப்பாது. ஏழுமலை வந்தான், குனிந்தான், உதடு முணுமுணுத்தது.

நான் கண்ணை மூடிவிட்டேன்.

வேண்டுமென்று இல்லை. எங்கள் வீட்டில் ஒருவர் ஜெபிக்க ஆரம்பித்தால் சோறு அடுப்பில் தீய்ந்தாலும் மற்றவர்கள் கண்ணை மூடித் தலையைக் குனிய வேண்டும். நடக்கக் கற்றபோதே வந்த பழக்கம். யார் சாமி, எந்தச் சாமி என்றெல்லாம் அந்தப் பழக்கத்துக்குத் தெரியாது. உதடு அசைந்ததும் இமை இறங்கிவிட்டது. திறந்தபோது அவன் விரல் கண்ணில் இருந்தது.

எனக்கு என்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இன்னொரு தடவை ஆடச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் கதவருகில் செல்வி வந்து நின்றாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே, "ஆச்சா மேடம்? எல்லாம் சரியா கீதா?" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். என் தலை தானாகவே ஆடியது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதற்கப்புறம் எப்படி மறுபடி ஆடு என்று சொல்வது? சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அறிக்கையில் குழி, மட்டம், நிழல், எண்ணிக்கை எல்லாம் எழுதினேன். கடைசியில் ஒரு வரி: 'அடுக்கிய பிறகு ஆட்டக்காரரின் கை பந்தருகே செல்கிறது, நேரில் இரண்டடி தூரத்தில் நின்றபோது தொட்டதாகக் காணப்படவில்லை.' இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் என்னை இத்தனை வருடமாக அரித்துக்கொண்டிருக்கிறது.

வேதாசலம் சார் அந்த வரியில் பென்சிலை வைத்தார்.

"எவ்வளவு தூரத்தில் நின்னே?"

"ரெண்டடி சார்."

துருவியை எடுத்தார். சீவினார். சுருள் கீழே விழுந்தது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒரு குரல் அடித்துக்கொண்டது. அவர் நிமிர்ந்தார்.

"எவ்வளவு தூரத்தில் நின்னே?"

"ரெண்டடி சார்."

"சரி" என்று அறிக்கையைச் சங்கத்தின் இரண்டு பேர் கொண்ட குழுவுக்கு அனுப்பிவிட்டார். கண் திறந்திருந்ததா என்று எந்த மனிதன் ஒரு நடுவரிடம் கேட்பான்? குழு கையெழுத்திட்டது. மறுநாள் சார் திருப்புளி கொண்டுவந்து, சுவரிலிருந்த தன் பித்தளைத் தகட்டைத் தானே கழற்றினார். "நல்ல ஆட்டக்காரனாமே, சந்தோஷம்" என்றார். அவர் இப்போது இல்லை. அவரிடம் இதை நான் கடைசி வரை சொல்லவே இல்லை.

ஏழுமலைக்கு ஊரப்பாக்கம் வேலை கிடைத்தது. அவன் தொட்டுக் கும்பிடுவதைப் பார்த்து அவனிடம் படிக்கிற நாற்பது பிள்ளைகளும் தொட்டுக் கும்பிடக் கற்றுக்கொண்டார்கள். அதில் ஒரு பெண்ணைத்தான் போன மாதம் கேமரா பிடித்தது. என்னால் அவள் மாட்டினாள்.

இந்தக் கட்டுரையை அனுப்பும் முன் அவனிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறி ஊரப்பாக்கம் போனேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், கூடம் காலியாக இருந்தது. ஏழுமலைக்குத் தலை நரைத்துவிட்டது. வலது தோள் இறுகிப்போய்க் கையை மேலே தூக்க முடியவில்லை. போட்டிக்கு ஆடுவதை விட்டு இரண்டு வருடமாகிறது, சொல்லிக்கொடுப்பதோடு சரி. சுவரில் சர்டிபிகேட் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆட்டக்கோலின் முனையில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக்கொண்டே கேட்டான். நான் முடித்த பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"ரெண்டடில நின்னீங்களே மேடம்."

"நின்னேன். கண்ண மூடிக்கினேன். நீ கும்புட்ட இல்ல, அதான்."

அவன் கோலைச் சுவரில் சாய்த்து வைத்தான். "நான் தொட்டனான்னு எனக்கும் தெரியாது மேடம். கும்புடும்போது நானும் கண்ண மூடிப்பேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அழுகையும் வந்தது. எது எதற்கு வந்தது என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

"ஆடறேன், பாருங்க. எப்பவும் போலத்தான்" என்று கோலை எடுத்தான். தோள் வலியில் ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்தான். ஆனாலும் பதினாலையும் போட்டான். நானே அடுக்கினேன். ஒற்றைப் பந்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவன் குனிந்தான், கண் மூடியது, உதடு அசைந்தது. என் இமை தானாக இறங்கியது, பிடித்து நிறுத்தினேன். இரண்டு விரல் பந்தின் உச்சியில் வந்து உட்கார்ந்தது. பந்து அசையவில்லை. விரல் பட்டது, நன்றாகவே பட்டது.

"ஃபவுல்" என்றேன். இன்னொரு தடவை சொன்னேன்.

இன்றைக்குப் பட்டதால் அன்றைக்கும் பட்டிருக்கும் என்று ஆகிவிடுமா? எனக்குத் தெரியவில்லை. நான் அன்று பார்க்கவில்லை, இன்று பார்த்தேன் என்று மட்டும் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அந்த சர்டிபிகேட் என்ன ஆகும், அவன் வேலை என்ன ஆகும் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். ஏழுமலையே அனுப்பச் சொல்லிவிட்டான்.

ஊரப்பாக்கத்தில் நான் ஃபவுல் சொன்னதும் அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. கோலை மேசைமேல் கிடத்திவிட்டு இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டான்.

"இத அன்னிக்கே சொல்லிருந்தா, அன்னிக்கே திரும்ப ஆடிருப்பேன் மேடம்" என்றான். "அப்ப எனக்குக் கை நல்லா இருந்துச்சு."